ஒரு டிஷ், 22 கருவிகள்: செயற்கைக்கோள் இன்டர்நெட்டோடு இரண்டரை வருடம்

எங்கள் வீட்டுப் பக்கம் கேபிள் இணைப்பு வர வழியில்லை என்பதால் செயற்கைக்கோள் இன்டர்நெட் வாங்கினோம். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. வாங்கும்போது எனக்கு இருந்த ஒரே பயம், வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் தாங்குமா என்பதுதான். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு மொபைல், மூன்று லேப்டாப், டிவி, டேப்லெட், பிரிண்டர், இரண்டு கேமரா, அப்புறம் வைஃபை இருந்தால்தான் எரிவேன் என்று அடம்பிடிக்கும் சில பல்புகள். ரவுட்டர் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 22 என்று காட்டியது. அதில் ஒன்றிரண்டு பொய்க்கணக்கு, சில மொபைல்கள் தங்கள் அடையாள எண்ணான மேக் முகவரியை மாற்றிக் காட்டுவதால் ஒரே போன் இரண்டு பெயரில் உட்கார்ந்திருந்தது.

தாங்குகிறது. பல்பு எப்போதாவது ஒரு வார்த்தை பேசும், பிரிண்டர் அதுவும் பேசாது. ஒரு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 15 முதல் 25 வரை வேண்டும். இருபது கருவி சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது, ஒரே ஒரு கருவி மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். அதை நான் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனது.

தினமும் மாலை ஏழரை மணி வாக்கில் என் ஆபீஸ் வீடியோ கால் உடைந்து உடைந்து வரும். நான் வானத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை பேசினேன், மூன்று முறையும் ரவுட்டரை ரீசெட் செய்யச் சொன்னார்கள். கடைசியில் ஒருநாள் லேப்டாப்பில் பிங் ஓடவிட்டு, அதாவது ஒரு செய்தி போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளக்கவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தேன். 42, 40, 45 என்று ஒழுங்காக வந்தது திடீரென்று 300, 700, 900 என்று ஏறியது. அந்த நேரத்தில் வீட்டில் நடந்தது ஒன்றே ஒன்று, தங்கை வேலை முடிந்து வந்திருந்தாள். என்ன ஓட்டுகிறாய் என்று கேட்டேன். "நான் போனையே தொடலையே அண்ணா, சார்ஜ்லதான் கிடக்கு" என்றாள். அதேதான் காரணம். வைஃபையும் சார்ஜரும் சேர்ந்து கிடைத்தவுடன் அவள் போன் அன்றைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் பேக்கப்புக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது.

இந்த இணைப்புகளில் டவுன்லோடு அகலமான வழி, அப்லோடு சந்து. எங்களுக்கு டவுன்லோடு 100க்கு மேல் வரும், அப்லோடு 10லிருந்து 15தான். ஒரு போன் அந்தச் சந்தை அடைத்துக்கொண்டால் மற்றவர்கள் அனுப்புவது எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கும். கால் பேசும் குரலும் அந்த வரிசையில்தான். டவுன்லோடும் இழுக்கும், ஏனென்றால் வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை மேலே போனால்தான் அடுத்தது வரும். பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வரிசையை நீளவிடாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரவுட்டர் ஒன்றை வாங்கி அப்லோடை 8 எம்பிபிஎஸ்ஸில் கட்டிவைத்தேன், கால் உடைவது நின்றது. செயற்கைக்கோளில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், கூட்டம் அதிகமான மாலை நேரத்தில் அளந்து அதற்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும், காலையில் அளந்தது மாலையில் உதவாது.

சொந்த ரவுட்டர் போடுகிறவர்கள் கம்பெனி ரவுட்டரை பைபாஸ் மோடில் தள்ளி அதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு ரவுட்டரும் முகவரியை மாற்றி இரட்டை நாட் ஆகி கேம் கன்சோல் முனகும். இன்னொன்று, புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள், கருவிகள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு இது முதலில் தோன்றவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பல்பு பல்பாகக் கழற்றி மாட்டினேன். பிரிண்டரும் பல்புகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் தெரிந்தவை, புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 போட்டால் விழிக்கும். அவற்றுக்குத் தனிப் பெயரில் பழைய டபிள்யூபிஏ2 வைத்து ஒதுக்கிவிட்டேன். டிவிக்கு லேன் கேபிள். ஒரே இடத்தில் நிற்கும் எதற்கும் கேபிள்தான், வைஃபையில் எல்லாரும் ஒரே காற்றைப் பங்கு போடுகிறார்கள்.

வெளியிலிருந்து கேமரா பார்ப்பதில் ஒரு வாரம் வீணானது. வெளியிலிருந்து வருவதை கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யவில்லை. பிறகுதான் கவனித்தேன், எங்களுக்குக் கிடைத்த முகவரி 100.64 என்று ஆரம்பித்தது, அதாவது சிஜிநாட். பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இல்லை. கருவிகளை இன்டர்நெட் வழியாகத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டுச் சரிசெய்தேன்.

வானத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள், அதனால்தான் பிங் நாற்பதுகளில் இருக்கிறது. 35,786 கிலோமீட்டரில் நிற்கும் பழைய வகை என்றால் 600 மில்லிசெகண்டுக்குப் பக்கம் போகும், அதில் கால் பேசுவது ஒருவர் மேல் ஒருவர் விழுவது மாதிரி. ஆனால் ஓடுகிற செயற்கைக்கோளை டிஷ் விடாமல் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், நடுவில் ஒரு கிளை வந்தால் இரண்டு மூன்று செகண்ட் போய்விடும். போன வருடம் பக்கத்து மரம் தழைத்தபோது வீட்டில் தினமும் சண்டை. டிவி பார்க்கும் அப்பா நெட் நன்றாக இருக்கிறது என்பார், நான் போய்விட்டது என்பேன். இரண்டும் சரி, டிவி முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது, காலுக்கு அந்த வசதி இல்லை. டிஷ்ஷை உயரமான கம்பத்துக்கு மாற்றியதும் அடங்கியது. கனமழையில் பத்துப் பதினைந்து நிமிடம் போகும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கரண்ட் போய் வந்தால் டிஷ் மறுபடி வானத்தைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கிறது. சும்மா இருக்கும்போதே 50 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமான் என்பதால் ரவுட்டருக்கு வைத்த சின்ன யூபிஎஸ் போதவில்லை, பெரியது வாங்கினேன். பிரிண்டரை மட்டும் இன்னமும் கையால் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.