கோத்தகிரி அருகே மண்ணின் செடிகளுக்கென ஒரு நாற்றங்கால்: இரண்டு பனிக்காலங்களுக்குப் பிறகு

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டைச் சுற்றி ஏழு சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. முன்பு அதில் புல்தரையும் ஹைட்ரேஞ்சா வரிசையும் வைத்திருந்தோம். மழைக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை புல்லை வெட்ட வேண்டியிருந்தது. மாசி, பங்குனியில் குழாயில் வரும் கொஞ்சத் தண்ணீரில் பாதியை அதற்கே ஊற்றினோம். என் தாயாருக்கு மூட்டுவலி வந்து குனிந்து வேலை செய்ய முடியாமல் போன பிறகு, அதிகம் கவனிப்புக் கேட்காததும் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்துபோவதுமான ஒரு தோட்டத்தை அமைக்க எண்ணி, இம்மலைக்குரிய செடிகளை மட்டும் வளர்க்கும் அந்தச் சிறிய நாற்றங்காலுக்குச் சென்றேன். பனிக்காலத்தைத் தாண்டாத செடியைப் பற்றி மலையில் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்பதால், இரண்டு பனிக்காலங்கள் கழிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நான் கேட்ட செடியை அவர்கள் தர மறுத்தார்கள். ஊட்டிச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் புதர் ஒன்றைக் கைப்பேசிப் படத்தில் காட்டிக் கேட்டிருந்தேன். "அது ஸ்காட்ச் புரூம்ங்க சார். அழகுக்குன்னு வெளிநாட்டில இருந்து வந்தது, இப்போ புல்வெளியையே மூடிட்டு வருது. நாங்க அதைப் போடறதில்லைங்க" என்றார் நாற்றங்காலில் இருந்த அம்மா. வெயிலில் அதன் காய் வெடித்து விதை சிதறும் என்பதையும், அவ்விதை பல ஆண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். பிறகு நிலத்தின் சரிவு எந்தத் திசை நோக்கியது, காலை வெயில் எத்தனை மணிக்கு விழும், காட்டெருமை வருமா, கரடி வருமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். விற்பனையைவிடச் செடி பிழைப்பதில் அக்கறை உள்ளவர்கள் என்பது அப்போதே தெரிந்தது.

அவர்கள் பரிந்துரைத்தவற்றில் காட்டுப் பூவரசு முதன்மையானது. ரோடோடென்ட்ரான் என்று பலரும் அறிந்த இம்மரம் புல்வெளியின் நடுவே உறைபனியையும் தீயையும் தாங்கித் தனியாக நிற்கக்கூடியது. எங்கள் கன்றும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கவில்லை. தவிட்டுப்பழச் செடிகளை வீட்டை ஒட்டி நட வேண்டாம், பழத்துக்குக் கரடி வரலாம், எனவே நிலத்தின் கடைக்கோடியில் வையுங்கள் என்றார்கள். விலங்குகளுக்கு உகந்த தோட்டம் என்று பேசுபவர்களில் இவ்வளவு பொறுப்போடு சொன்னவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. குறிஞ்சிக் கன்று வாங்கியபோதும், இது 2018-இல் பூத்த செடிகளின் விதையிலிருந்து வந்தது, 2030-க்கு முன் பூவை எதிர்பார்க்க வேண்டாம், பூத்து விதைத்ததும் செடி பட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

என் மனத்தை நிறைத்தது கிலுகிலுப்பைச் செடிதான். சென்ற ஐப்பசியில் ஒரு காலை, வாடித் தொங்கிய ஒரே இலையில் நான்கு நீல வரியன் பட்டாம்பூச்சிகள் அமர்ந்து, கால்களால் அதைக் கீறிக் கசிந்த சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நான் ஒரு சாண் அருகில் முகத்தைக் கொண்டுசென்றும் அவை அசையவில்லை. அச்செடியிலுள்ள ஆல்கலாய்டு என்னும் வேதிப்பொருளைக் கொண்டுதான் ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவரும் மணப்பொருளை உண்டாக்கிக்கொள்கின்றன. வாடிய இலைகளைக் கிள்ளி எறியாதீர்கள் என்று நாற்றங்காலில் சொன்னதன் காரணம் அன்று விளங்கியது.

குறைகளும் உண்டு. ஐந்து சோலை நாவல் கன்றுகளில் மூன்று முதல் ஜனவரியிலேயே கருகிவிட்டன. விடியலில் கொதிநீரில் முக்கியெடுத்தவை போலத் துவண்டிருந்த இலைகள் மதியத்துக்குள் கறுத்துப்போயின. சோலை எனப்படும் மலைக்காட்டு மரங்களின் கன்றுகள் திறந்த வெளியின் உறைபனியைத் தாங்குவதில்லை. சோலைகள் புல்வெளிக்குள் பரவாமல் மலை மடிப்புகளில் ஒடுங்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். கோத்தகிரியில் நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை, குளிர்காற்று இறங்கித் தேங்கும் எங்கள் பள்ளத்தில் வெட்டவெளியில் நட்டால் என்ன ஆகும் என்பதை விற்கும்போதே அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மழைக்கு மூன்றையும் விலையின்றி மாற்றிக் கொடுத்து, புதர் மறைவில் நடச் சொன்னார்கள், அவை தழைத்திருக்கின்றன. பெயர் எழுதிய குச்சிகளில் மை மழைக்கு அழிந்துவிடுவது மற்றொரு குறை. இரண்டு வெவ்வேறு புதர்கள் என்று வாங்கி வந்தவை வளர்ந்த பின் ஒன்றாகவே இருந்தன.

இப்போது ஆண்டுக்கு இருமுறை அரிவாளால் புல்லைக் குறைப்பதும், முளைக்கும் உண்ணிச்செடியையும் சீகை (வாட்டில்) மரக் கன்றையும் வேரோடு பிடுங்குவதும் மட்டுமே வேலை. கன்று ஒன்றுக்கு நாற்பது முதல் நூற்றிருபது ரூபாய் வரை கொடுத்தேன். செடிகள் சிறியவை என்பதால் முதல் ஆண்டில் தோட்டம் வெறுமையாகவே தெரியும். உடனே பூ வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. மே கடைசி வாரத்தில் சென்று, முதல் மழையில் நட்டுவிட்டால் மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும். போகும்போது உங்கள் நிலத்தில் பனி எங்கே தங்குகிறது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். வாங்கும் ஒவ்வொரு செடியின் பெயரையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.