இலவச சட்ட உதவி வழியாக ஒரு குற்றவியல் மேல்முறையீடு: எங்கள் அனுபவம்

இரட்டைக் கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த என் சித்தப்பா மகனுக்காக, உயர் நீதிமன்றத்தில் அரசு செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தரும் இலவச சட்ட உதவியை நாடினோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவின்படி காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு கிடையாது. ஆகவே வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரவில்லை. சிறை வழியாகவே மனு சென்றது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பை, நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் தீர்ப்பை வாசித்த விதத்தில்தான் கண்டேன். நாங்கள் சாட்சிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இரண்டு ஆயுள் தண்டனைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்றிருந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டார். ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் குறிப்பதால், அது முடிந்தபின் இன்னொன்று தொடங்க இயலாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2016-இல் தீர்ப்பளித்திருப்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அத்துமீறி வீடு புகுந்ததற்கான ஐந்தாண்டுத் தண்டனையை முதலில் கழித்துவிட்டு, அதன்பின் ஆயுள் தண்டனையைத் தொடங்க வேண்டும் என்ற உத்தரவை அதே தீர்ப்பு அனுமதிக்கிறது என்பதால், அதை எதிர்ப்பதில் பயனில்லை என்றும் மறைக்காமல் சொன்னார். பணம் வாங்கும் வழக்கறிஞர்களிடம்கூட இந்த நேர்மை எளிதில் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. விசாரணை நீதிமன்ற ஆவணங்கள் வந்து சேரத் தாமதமாகி, அறுபது நாள் கெடு கடந்துபோனதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. வழக்கறிஞர் சிறைக்குச் சென்று கைதியை நேரில் சந்திக்கவேயில்லை. ஒருவனுடைய வாழ்நாளைப் பற்றிய வழக்கில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. விசாரணைக் காலத்தில் அவன் காவலில் இருந்த தேதிகளையும் நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

உயர் நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. இரண்டு உயிர்கள் போன வழக்கில் அந்த முடிவை எதிர்த்துப் பேச எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஆயுள் தண்டனைகள் இரண்டும் ஏககாலத்தில் நடைபெறும் என்று தண்டனைப் பகுதி திருத்தப்பட்டது. தண்டனைக் குறைப்பு கோரும் காலம் வரும்போது, இந்த ஒற்றை வரி அவனுக்குப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

இச்சேவையை நாடுவோர், குற்றத்தீர்ப்பை எதிர்க்கும் காரணங்களோடு, தண்டனை சட்டப்படி செல்லுமா என்பதையும் தனிக் காரணமாக மனுவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே கூடாது என்று செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனையில் எழுதியிருந்தால், அதையும் கட்டாயம் காட்டுங்கள். அத்தகைய தண்டனையை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விதிக்கலாம் என்பது 2015-ஆம் ஆண்டின் ஸ்ரீஹரன் வழக்குத் தீர்ப்பு. உதவி கேட்க 15100 என்ற எண்ணை அழைக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் நேரில் மனு கொடுக்கலாம்.