எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளை: குழந்தைகள் இல்லம் மீது புகார் கொடுத்த அனுபவம்

தேனி மாவட்டம் கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற குடும்பங்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். தங்கச்சி இறந்தபின் அவள் மகளைக் கேரளப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். பிள்ளை இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அதனால் இல்லத்தின் பெயர் வேண்டாம். புகார் சொன்னால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நிற்பார். "மலையாளத்தில் பேசு" என்று அவர் அதட்டுவது எனக்கே கேட்கும். பிள்ளை "பெரியம்மா..." என்று எதையோ சொல்ல வருவாள், போன் கட்டாகிவிடும்.

முதலில் இல்லத்துப் பொறுப்பாளரிடமே கேட்டேன். "சேச்சி, இங்க எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே ரூல்தான். குறை இருந்தா பெட்டியில எழுதிப் போடட்டும்" என்றார். அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் கதவை ஒட்டி, அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. சீட்டுப் போடும் வாயில் கரண்டு பில்லைச் செருகி வைத்திருந்தார்கள். வார்டன் மேல் குறை இருக்கிற 12 வயசுப் பிள்ளை அதில் எதை எழுதிப் போடும்?

சிறார் நீதிச் சட்டத்துக்கு மத்திய அரசு 2016-இல் போட்ட மாதிரி விதிகளில் இதற்கெல்லாம் வழி சொல்லியிருக்கிறது. பெட்டி ஆபீஸை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவி இல்லத்து மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாராவாரம் இல்லத்துப் பிள்ளைகளே இருக்கிற குழுவின் முன்னால் திறந்து பார்க்க வேண்டும். இதை எழுதியவர்களுக்குப் பிள்ளைகளின் பயம் தெரிந்திருக்கிறது.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டேன். உடனே எடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். அடி, ஆபத்து என்றால் யோசிக்காமல் அதற்குத்தான் போட வேண்டும். இந்த மாதிரி நாள்பட்ட குறைக்கு எழுத்தில் மனு வேண்டும்.

மனு எழுத உதவியது தாலுகா சட்டப் பணிகள் குழு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் சட்டமே அப்படித்தான். அங்கே இருந்த தம்பி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "அக்கா, இல்லத்து மேல புகார்னா மாவட்டத்துல இருக்கிற குழந்தைகள் நலக் குழுவுக்குக் கொடுங்க. குழுவே சரியா நடக்கலைன்னா கலெக்டர்தான் விசாரிக்கணும், சிறார் நீதிச் சட்டம் 27-ஆம் பிரிவு." மலையாளத்தில் எழுதினால்தான் வாங்குவார்கள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். தமிழிலேயே கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

அதன்பின் நடந்ததை மனசாரப் பாராட்ட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவில் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வார்டனை வெளியே நிறுத்தி, தமிழ் தெரிந்த ஒரு அம்மாவை வைத்துப் பேச விட்டார்கள். நானும் வெளியேதான் இருந்தேன், அதுவும் சரிதான். பெட்டி இப்போது படுக்கும் அறைப் பக்கம் போய்விட்டது. போனில் தமிழ் தாராளமாக வருகிறது.

ஆனாலும் ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். எனக்கு வந்த பதில் ஒற்றை வரி: "நடவடிக்கை எடுக்கப்பட்டது". என்ன நடவடிக்கை, யார் மேல், ஒன்றும் இல்லை. அதைவிட எனக்குக் கோபம், புகார் சொன்ன பிள்ளையை அதற்கப்புறம் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதில். அதே வார்டனோடுதான் அவள் ராத்திரி தங்குகிறாள். ஒரு மாதம் கழித்து ஒருவர் போய், "இப்ப எப்படி இருக்கே?" என்று தனியாகக் கேட்டால் என்ன?

மனு கொடுக்கிறவர்கள் இரண்டு வரி மறக்காமல் சேருங்கள்: "பிள்ளையைத் தனியாக, அவள் மொழியில் விசாரிக்க வேண்டும்", "விசாரணைக்குப் பின்னும் பிள்ளையை நேரில் வந்து பார்க்க வேண்டும்". நகலில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.