வாளித் தண்ணியைக் காட்டி ஏமாத்தினாங்கள்: சிலேட் கல் பதிச்சவை கவனம்

மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 வீதியோரம் சின்ன விடுதி ஒண்டு நடத்துறம். நீச்சல் தடாகத்தைச் சுத்திக் கறுப்புச் சிலேட் கல். வன்னி வெயிலும், கல்சியம் கூடின கிணத்துத் தண்ணியும், குளோரினும் சேர்ந்து ஐஞ்சு வருசத்தில கல் சாம்பல் பூத்திட்டுது.

கல்லைப் புதுசாக்கித் தாறன் எண்டு ஒருத்தர் வந்தார். "அக்கா, இங்க பாருங்கோ" எண்டு ஒரு வாளி தண்ணியை ஊத்தினார். கல் பழைய கறுப்புக்கு வந்தது. "இந்த நிறம் அப்பிடியே நிக்கும்." நம்பி முழுக் காசையும் குடுத்தன். நனைஞ்சா எந்தச் சிலேட்டும் கறுப்பாத்தான் தெரியும், காய்ஞ்சா பழையபடி வெளுக்கும். அது அப்ப எனக்கு விளங்கேல்லை.

முதல்நாள் அசிட்டை ஊத்தித் தேய்ச்சினம். நுரைச்சுது. "ஊத்தை கழருது" எண்டினம். படிஞ்ச உப்போட கல்லும் சேர்ந்து அரிபட்டது. சிலேட் எல்லாம் ஒரே மாதிரி இல்லை: சுண்ணாம்பு கலந்ததை அசிட் தின்னும், இரும்பு கலந்ததில துருக்கறை எழும்பும். எங்கட கல்லில ரெண்டும் நடந்தது.

கார்த்திகை மழை விட்டு ஒரு இரவுகூட ஆகேல்லை. அந்த ஈரக்கல்லுக்கு மேலயே பளபளப்பான பூச்சு அடிச்சினம். டின்னில லேபிள் கிழிஞ்சிருந்தது. ரெண்டு கிழமைக்குப் பிறகு, உள்ளுக்க நிண்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பால் மாதிரி வெளுத்து, பொருக்குப் பொருக்கா உரிஞ்சுது. உரியாத இடத்தில வழுக்கல். தங்கச்சியின்ர ஏழு வயசு மகள் அதில விழுந்து கை முறிஞ்சுது. போன் எடுத்தால் ஆள் தூக்கிறேல்லை.

பிறகு கல்வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் பங்குனி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். பழைய பூச்சைக் கழட்டி, அசிட் இல்லாத கழுவு திரவத்தால தேய்ச்சு, நல்லாக் காயவிட்டு, கல்லுக்குள்ள ஊறுற சீலர் பூசி, மிச்சத்தைத் துணியால துடைச்சு எடுத்தார். மினுக்கம் இல்லை, ஆனா கறுப்பு வந்தது, காலும் வழுக்கேல்லை. அதுக்கு முதல் ஒரு மூலைக்கல்லில மட்டும் பூசி ரெண்டு கிழமை விட்டுப் பாத்தவர். மிச்சம் கிடந்த கல்துண்டில வினாகிரி ஒரு சொட்டு விட்டு, நுரைக்குதெண்டும் காட்டினார்: நுரைச்சா அது சுண்ணாம்பு கலந்த கல், அசிட் ஆகாது. இந்த ரெண்டையும் நீங்களே செய்து பாக்கலாம்.

முதல் வந்து ஏமாத்தின ஆள் இப்ப முல்லைத்தீவுப் பக்கம் வேலை தேடித் திரியிறதாக் கேள்வி. ஆர் வந்தாலும் முதல்ல டின்னை வாங்கி லேபிளை வாசியுங்கோ. மூலைக்கல்லைப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ.