பாங்காக் ட்ரிப்புக்கு 54,000 ரூபாய் கட்டினோம், போய் இறங்கினால் ரூமே இல்லை. பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்றுத்தான் ஊர் திரும்பினோம். இன்னும் பெட்டிகூடப் பிரிக்கவில்லை, ஆனால் இதை இப்போதே எழுதியாக வேண்டும், ஏனென்றால் இந்த நிமிடம்கூட அந்த ஆட்கள் வியட்நாம் பேக்கேஜ் என்று அடுத்த கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. ரீல்ஸ் போட்டு ஃபாலோயர்ஸ் சேர்த்து, மெசேஜிலேயே விலை பேசி டூர் விற்கிற பக்கம், அவ்வளவு சொல்கிறேன். தமிழில்தான் பேசுவார்கள். கடை, ஆபீஸ் எதுவும் கிடையாது.

அம்மா, தங்கச்சி, நான், மூன்று பேர். ஃப்ளைட் டிக்கெட்டை நாங்களே எடுத்துவிட்டோம். மூன்று ராத்திரி ரூம், ஏர்போர்ட்டில் கூட்டிப்போக வண்டி, கிராண்ட் பேலஸ் அரண்மனை, வாட் போ, வாட் அருண் என்கிற புத்தர் கோயில்கள், இந்த மூன்றும் கைடோடு, ஒரு நாள் சாயங்காலம் சைனா டவுனில் இருக்கிற யாவராட் தெருவில் சாப்பாட்டுச் சுற்று, ஒரு நாள் மிதக்கும் சந்தை. எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய். ரொம்ப மலிவாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மற்ற இடங்களில் விசாரித்ததும் கிட்டத்தட்ட அதே விலைதான்.

எதில் விழுந்தோம் என்று சொல்கிறேன். அம்மா சைவம். பாங்காக்கில் சாப்பாடு எப்படி என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பயம். அந்தப் பக்கத்திலிருந்து எங்களோடு பேசிய பையன் வீடியோ காலில் வந்து, அம்மாவிடமே பேசினான். "அம்மா, அங்கே காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊத்துவாங்க, அதனால வெஜ்னு சொன்னா பத்தாது. மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து போட்டிருக்கிற கடை இருக்கும், அதுக்கு 'ஜே'ன்னு பேரு, அங்கே மீன் சாஸ், முட்டை, ஏன் பூண்டுகூட இருக்காது. நம்ம கைடு உங்களை அங்கேதான் கூட்டிட்டுப் போவாரு" என்றான். சொன்னது அத்தனையும் உண்மை. அங்கே போய் அந்த மஞ்சள் கொடியை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். இவ்வளவு விவரம் தெரிந்தவன், அம்மாவின் முட்டி வலிக்கு வாட் அருண் படி ஏற வேண்டாம், கீழேயே உட்காரலாம் என்றுகூடச் சொன்னவன், ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

பாதிப் பணம், 27,000, கட்டினோம். ஹோட்டல் வவுச்சர் வந்தது, கன்ஃபர்மேஷன் நம்பரோடு. தங்கச்சி அதை அப்படியே நம்பவில்லை. பாங்காக்கில் அந்த ஹோட்டலுக்கே போன் போட்டு நம்பரைச் சொன்னாள். ஆமாம், உங்கள் பெயரில் மூன்று ராத்திரி இருக்கிறது என்றார்கள். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் சரிபார்ப்பது? மீதி 27,000-ஐயும் அனுப்பினோம். யுபிஐ-யில் வேறொரு தனி ஆளின் பெயர் வந்தபோது கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட்தான் அக்கா, கம்பெனி அக்கவுண்ட்ல ஜிஎஸ்டி வேலை போயிட்டிருக்கு" என்று பட்டென்று பதில்.

பாங்காக்கின் சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இறங்கினால் பெயர் அட்டையோடு ஒருத்தரும் இல்லை. அவனுக்கு மெசேஜ் போட்டால் "டிரைவர் டிராஃபிக்ல இருக்காரு அக்கா." வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, ஏர்போர்ட் ரயிலில் ஏறினோம். ஊருக்குள் இருக்கிற பாயா தாய் ஸ்டேஷன் வரைக்கும் ஆளுக்கு 45 பாட்தான். ஹோட்டலுக்குப் போய் வவுச்சரை நீட்டினோம். ரிசப்ஷனில் இருந்த பெண் டைப் செய்து பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள், அப்புறம் மானிட்டரையே எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள். என் பெயர், மூன்று ராத்திரி, பக்கத்தில் சிவப்பில் கேன்சல்டு. ஹோட்டலுக்கு ஒரு பைசா வரவில்லை. வந்து கட்டிக்கொள்ளலாம், கடைசிவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்கிற வகை புக்கிங்கைப் போட்டு, அதன் நம்பரை எங்களுக்குக் காட்டி, இரண்டாவது 27,000 கைக்குப் போனதும் ரத்து செய்திருக்கிறான். இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். வவுச்சர் போலி இல்லை. நாங்கள் போன் செய்த அன்றைக்கு அது நிஜமாகவே இருந்தது.

ராத்திரி முழுக்கத் தூங்காத அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி லாபி சோபாவில் உட்கார்ந்திருந்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. அந்த ஹோட்டலில் அன்றைக்கு ரூம் இல்லை. பக்கத்துத் தெருவில் கேட்ட விலைக்கு எடுத்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. முதலில் "சிஸ்டம் எரர் அக்கா, டீம் பாத்துட்டிருக்காங்க." பிறகு டீம் லீடர் என்று இன்னொரு குரல். அது "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட்" என்றது. பிறகு தாய்லாந்து பார்ட்னர் எங்களையே ஏமாத்திட்டான், நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான் என்று அழுகை. 54,000 ரூபாயைத் திருப்பிக் கொடு என்று அந்தப் பக்கத்தில் கமெண்ட் போட்டால் அடுத்த நொடி அழிக்கிறார்கள். கடைசியில், பெயரைக் கெடுத்தால் கேஸ் போடுவோம் என்று ஒரு மெசேஜ், அதோடு பிளாக். பணத்தை வாங்கினவன் நம்மையே மிரட்டுகிறான்!

போட்டுக் கொடுத்த பிளானாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. கிராண்ட் பேலஸ் டிக்கெட் என்று அனுப்பிய கியூஆர் கோடு கவுண்டரில் எடுக்கவே இல்லை. ஆளுக்கு 500 பாட், மூன்று பேருக்கு 1,500 பாட், நம் பணத்தில் நாலாயிரம் ரூபாய் கிட்ட, திரும்பக் கட்டி உள்ளே போனோம். யாவராட் சாப்பாட்டுச் சுற்றைத் திங்கட்கிழமை போட்டிருந்தான். அன்றைக்கு அங்கே நிறையத் தெருக்கடைகள் லீவு. மிதக்கும் சந்தைக்கு அம்பாவாவைச் செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தான். அந்தச் சந்தை நடப்பதோ வெள்ளி, சனி, ஞாயிறு. வார நாளில் ஆளை இறக்கிவிட்டால் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரையும் கூட்டிப்போகும் எண்ணமே இல்லாதவன் கிழமையை ஏன் பார்க்கப் போகிறான்?

இன்னொன்று, இதை நினைத்தாலே எரிகிறது. அந்த 54,000-க்குள் "என்ட்ரி பேப்பர் சார்ஜ்" என்று ஆளுக்கு 1,500 ரூபாய் போட்டிருந்தான். அது தாய்லாந்தின் டிஜிட்டல் அரைவல் கார்டு. 2025 மே 1-லிருந்து அது கட்டாயம், ஆனால் முழுக்க இலவசம். அந்நாட்டு இமிக்ரேஷன் தளத்தில், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நாமே நிரப்பலாம். இதற்குக் காசு கேட்கிற தளங்களும் நிறைய முளைத்திருக்கின்றன, சிக்காதீர்கள்.

அம்மாவுக்காக சிலோம் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் நாங்களாகவே தேடிப் போனோம். வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரையும் பார்த்தோம். சாப்பாடு பற்றி எழுதச் சொல்லி சிலர் கேட்டிருந்தீர்கள், மன்னிக்கவும், இப்போது அதை எழுதுகிற மனநிலையில் இல்லை.

நம் ஊர் சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கு அடித்துப் புகார் பதிவு செய்தாகிவிட்டது, சைபர் கிரைம் போர்ட்டலிலும் போட்டாகிவிட்டது. பாங்க்கிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 54,000 ரூபாய். அம்மா தன் சேமிப்பிலிருந்து பாதி கொடுத்தார்.

அவசரமாகச் சில விஷயங்கள். ஹோட்டலுக்குப் போன் செய்தால் புக்கிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பணம் கட்டியாகிவிட்டதா, ரத்து செய்ய முடியாததா என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் திரும்பவும் கேளுங்கள். தனி ஆள் பெயரில் இருக்கிற கணக்குக்கு அனுப்பாதீர்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கிறவர் பான் நம்பர் வாங்கி டிசிஎஸ் (விற்கும்போதே வாங்குகிறவரிடம் பிடிக்கிற வருமான வரி) பிடிக்க வேண்டும், எங்களிடம் பான் பற்றிப் பேச்சே வரவில்லை. தாய்லாந்தில் ஏதாவது ஆனால் டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155. பணம் போனது தெரிந்த உடனே 1930-க்குப் பேசுங்கள், ஏழு வேலை நாள் என்று அவர்கள் சொல்வது பணத்தை வேறு கணக்குக்கு மாற்றத்தான். இதே மாதிரி ஜே கடை, மஞ்சள் கொடி என்று உங்கள் வீட்டு அம்மாவிடமும் ஒருத்தன் பேசியிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், புகாரை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.