இரவு 2 மணிக்கு மெயில் போடும் எம்எஸ்எம்டிபி

மச்சானுடைய அச்சகத்தின் பில், கணக்கு எல்லாம் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. இரவு 2 மணிக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடும். கோளாறு என்றால் எனக்கு மெயில் வர வேண்டும், அவ்வளவுதான். இதற்குப் போய் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற முழு மெயில் சர்வரையே போடுவது மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை. அதனால் எம்எஸ்எம்டிபி (msmtp) போட்டேன்; கொடுத்த மெயிலை ஜிமெயில் போன்ற ஒரு சர்வரிடம் ஒப்படைப்பது மட்டுமே இந்தச் சின்ன நிரலின் வேலை. ஒரு வருடமாக ஓடுகிறது.

அமைப்புக் கோப்பு பத்து வரிகூட இல்லை. சர்வர் பெயர், போர்ட் 587, டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்கும் முறை), பயனர் பெயர், பாஸ்வேர்டு. ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு 2022 மே மாதத்துக்குப் பிறகு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, இது போன்ற நிரல்களுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதைக் கோப்பில் எழுதினால் அனுமதி 600 ஆக, அதாவது சொந்தக்காரர் மட்டும் படிக்க, எழுதும்படி இருக்க வேண்டும்; பிறர் படிக்கும்படி விட்டால் மெயில் அனுப்பவே மறுக்கிறது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

நான் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டி, பாஸ்வேர்டை ஜிபிஜி என்ற மறைகுறியாக்க நிரலில் பூட்டி வைத்தேன். கையால் ஓட்டினால் மெயில் போகும், குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் க்ரானில் போகாது. ஜிபிஜி திறவுச்சொல் கேட்கிறது. இரவு 2 மணிக்கு யார் உட்கார்ந்து தட்டுவது? இரண்டு நாள் போனது இதில்.

இன்னொன்று, கடிதத்தை நாம்தான் முழுதாக எழுதித் தர வேண்டும். தலைப்பு வரிகளுக்கும் செய்திக்கும் நடுவே ஒரு வெற்று வரி கட்டாயம். தமிழில் பொருள் வரி வைத்தால் அதை மைம் (மெயிலில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அனுப்பும்) முறைக்கு மாற்றுவதும் நம் தலையில். அந்தத் தொல்லைக்கு மட் (mutt) என்ற மெயில் நிரல் போதும்: அதுவே மாற்றி, லாக் கோப்பையும் இணைத்து, எம்எஸ்எம்டிபியிடம் கொடுத்துவிடும். இணைப்புக்கு அப்புறம், முகவரிக்கு முன்னால், இரண்டு கோடு (--) போட மறக்காதீர்கள்; மறந்தால் முகவரியையும் கோப்பு என்று நினைத்துத் தேடும்.

பெரிய குறை, வரிசையில் நிறுத்தி வைக்காது. அந்த நேரத்தில் நெட் இல்லையென்றால் மெயில் போனது போனதுதான். கூடவே வரும் எம்எஸ்எம்டிபிக்யூ ஸ்கிரிப்ட் சேர்த்து வைக்கும், நான் அதைப் போடவில்லை. ஒரு மழை இரவில் ரூட்டர் செத்தது. வெளியே நகல் போகாததால் பேக்கப்பும் தோற்றது, அதைச் சொல்ல வேண்டிய மெயிலும் தோற்றது. மெயில் வரவில்லை, எல்லாம் நலம் என்று நான்கு நாள் நிம்மதியாக இருந்தேன்.

இப்போது ஸ்கிரிப்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். பேக்கப் முடிந்தாலும் மெயில் வரும், வராத காலைதான் கவலை. மச்சானுக்கும் ஒரு நகல் போகிறது. அவர் இதுவரை ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.