சைலன்சருக்கு விஎச்ரி ஃபிளேம்ப்ரூஃப் கறுப்பு: உப்புக்காற்றில் நிற்குமா?

கிழக்குக் கடற்கரையில் கல்லடி, கல்முனை, பொத்துவில் பக்கம் ஓடும் பைக்குகளில், வெளியே வாங்கிப் பூட்டிய சைலன்சர் முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் ஓரத்தில்தான். அந்தத் துருவைச் சுரண்டாமல் மேலால் கறுப்பு அடித்தால், அது உள்ளுக்குள் பரவி பெயின்ட்டைப் பொக்களமாகத் தூக்கிவிடும். பிறகு பழி டின்னுக்கு.

விஎச்ரி (VHT) ஃபிளேம்ப்ரூஃப் என்ற சூடு தாங்கும் ஸ்பிரே பெயின்ட் 704 முதல் 1093 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பது கம்பனியின் கணக்கு. 150 சீசீ பைக்கின் பெண்டுக்கு, அதாவது எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாய்க்கு, அது தாராளம். 312 கிராம் டின் ஒன்று பெண்டுக்கும், பின்னால் உள்ள சைலன்சர் உருளையான கேன் சின்னதென்றால் அதற்கும் காணும். பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். மெட் கறுப்பாகத்தான் வரும், அதுதான் இதற்கு அழகும்.

கழற்றி அடிப்பதுதான் சரி. எஞ்சின் ஹெட்டில் உள்ள இரண்டு நட்டையும் கழற்றினால் கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே திரும்பப் பூட்டினால் புகை கசிந்து, புதுப் பெயின்ட்டில் கரி படியும். எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்ஷன்) பைக் என்றால் ஒக்சிஜன் சென்சரையும் கழற்றி வையுங்கள். இந்தப் பெயின்ட்டில் உள்ள சிலிக்கன் சென்சருக்கு ஆகாது.

துரு போகும்வரை 180 நம்பர் சாண்ட் பேப்பர், பிறகு 320. குரோம் பூச்சு உள்ள கேனில் மினுக்கம் முழுதும் சாகவேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. தின்னரால் துடைத்தபின் வெறுங்கையால் தொடவேண்டாம். ஒரு பெருவிரல் பட்ட இடம், சூடு ஏறியதும் ரேகையோடு அப்படியே தெரியும். சாதாரண பிரைமர் அடியில் போனால் முதல் நீண்ட ஓட்டத்திலேயே கருகி, மேல் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு உதிரும். அதே கம்பனியின் சூடு தாங்கும் பிரைமர் கிடைத்தால் போடுங்கள்.

25 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று, மெல்லிசாக இரண்டு கோட், பத்து நிமிட இடைவெளி, பிறகு கொஞ்சம் ஈரமாக ஒன்று. தடிப்பாக அடித்தால் உள்ளே சிக்கிய தின்னர் சூட்டில் கொதித்துக் குமிழி விடும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் வெளியில் வைத்து அடிக்கவே வேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை. இந்தப் பெயின்ட் காற்றில் காய்வது பாதிதான். சூடு கண்டால்தான் இறுகும். 121, 204, 316 பாகையில் அரை மணி நேரம் வீதம், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். பெண்டு ஓட்டத்திலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். பின்னால் உள்ள கேன் எட்டாது. உரிவது கேனில்தான், பெண்டில் அல்ல என்பதற்குக் காரணம் இதுதான். பவுடர் கோட்டிங் செய்யும் இடத்தின் அடுப்பில் 200 பாகை வரை கொடுத்து எடுத்தால் கேனுக்கு அது பெரிய உதவி. வீட்டுச் சமையல் ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள், வரும் புகை நஞ்சு. அடுப்பு கிடைக்காவிட்டால் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இருபது நிமிடம். அதுவும் ஆறியபின் களுவாஞ்சிக்குடி வரை ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள். காற்றில் குளிரும் எஞ்சினை நிறுத்திய இடத்தில் அதற்குமேல் ஓடவிடுவது எஞ்சினுக்குக் கூடாது.

ஸ்டெயின்லெஸ் கேன் என்றால் பெயின்ட்டே வேண்டாம். காஸ் டோர்ச்சை ஒரே வேகத்தில் நகர்த்தினால் 340 பாகையளவில் வைக்கோல் மஞ்சள், 450இல் கடும் ஊதா, 540இல் நீலம். அவசரப்பட்டுக் கூட்டினால் சாம்பல் நிறமாகிவிடும், திரும்பத் தேய்த்துத்தான் தொடங்கவேண்டும். கார்பன் ஸ்டிக்கர் ஒட்டுவது வீண்வேலை, சூட்டில் சுருங்கிப் பசை உருகும்.

மலிவு டின்களைவிட இதற்கு விலை கூட. ஆனால் சூடு காட்டி முடித்த பெயின்ட்டில் பெற்றோல் சிந்தினாலும் துடைத்துவிடலாம். இறுகிவிட்டதா என்று பார்க்க, கேனின் அடிப்பக்கத்தில் பெற்றோல் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருதரம் தேயுங்கள். துணி கறுத்தால் இன்னொரு சூடு தேவை.